அகச்சுட்டும் புறச்சுட்டும்

மாணவன் ஒருவன் மடிக்கணினியில் தமிழ்க் கட்டுரை தட்டச்சிடுகின்றான். உள்ளங்கை தன்னையறியாமல் விசைப்பலகைக்குக் கீழுள்ள தொடுபலகையிற் படுகின்றது. உடனே இடங்காட்டி வேறொரு வரிக்குத் தாவுகின்றது. அவன் எழுதத் தொடங்கிய சொல்லின் பிற்பகுதி முந்தைய பத்தியின் நடுவிற் போய் விழுகின்றது. தனிச் சுட்டியொன்றை அவன் முன்னரே இணைத்து வைத்துள்ளான். ஆகலின் தொடுபலகை அவனுக்கு அப்போது வேண்டுவதே இல்லை. "ஐயா, இதை எவ்வாறு நிறுத்துவது?" என்று வினவுகின்றான். ஆசிரியர் வாயினின்று வருவது யாது? "மவுசு கனெக்ட் ஆயிருந்தா டச்சுபேடை டிசேபிள் பண்ணு!"

இத்தொடரில் தமிழாக எஞ்சியவை 'ஆயிருந்தால்', 'பண்ணு' என்னும் இரண்டு வினைகளும் ஓர் ஐயுருபுமே! பொருளுணர்த்த வேண்டிய சொற்களெல்லாம் அயலவை. ஆங்கிலப் பயிற்சி குறைந்த பிள்ளை இதனால் அறிந்துகொண்டது ஒன்றுமில்லை. ஆசிரியர் விரல் சென்ற வழியைப் பார்த்துவைத்துக்கொள்வான், மறுநாள் மறப்பான், மீண்டும் கைகட்டி நிற்பான். 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. கருவி சிற்றூர்க் குடிசை வரை சென்றது. அதனை ஆளும் சொல் சென்றதா? கருவியைக் கொடுத்துச் சொல்லைக் கொடாமை, பூட்டைக் கொடுத்துத் திறவுகோலை மறைப்பதன்றோ?

'மவுசு' என்று இவர்கள் போற்றும் பெயரின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். 1964-இல் அமெரிக்கக் கலிபோர்னியாவில், சுடான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், தக்ளசு எங்கெல்பர்ட்டு என்பாரின் கருத்துப்படி முதற்கருவி உருவாயிற்று. அது ஒரு மரக்கட்டை. அடியில் இரண்டு உருளைகள். உடன் ஒரு கம்பி. அக்கம்பி வால்போல் தோன்றியமையால் சுண்டெலி என்று பெயரிட்டழைத்தனர். அவ்வளவே! இன்றோ, பல சுட்டிகளுக்குக் கம்பியே இல்லை. வால் போயிற்று, எலி மட்டும் எஞ்சிற்று! அப்பெயரையும் பிரெஞ்சுக்காரர் அப்படியே விழுங்கவில்லை. சுண்டெலியைக் குறிக்கும் தம் 'சூரி' என்னும் சொல்லை வைத்தனர். சீனர் எலியையும் குறியையும் சேர்த்துத் தம் மொழியிலேயே பெயர் புனைந்தனர். நம்மவர்க்கு மட்டும் நாக்கூசுகின்றது!

தமிழிலோ எலியின் துணை வேண்டியதில்லை. 'சுட்டு' என்னும் அடியினின்று 'சுட்டி' பிறந்தது. வடிவை நோக்காது தொழிலை நோக்கியெழுந்த பெயராதலின், கம்பி இருப்பினும் அறினும் அது பொய்க்காது. 'சுட்டி என்பது குறும்புப் பிள்ளையையும் குறிக்குமே' என்று நகையாடுவர் சிலர். ஆங்கிலத்தில் அது வளையிலுள்ள எலியையும் குறிக்கின்றதே! அங்கு வராத குழப்பம் இங்கு மட்டும் எங்ஙனம் வரும்?

இனித் தலைமையான செய்திக்கு வருவோம். ஆங்கிலத்தில் இவ்விரு கருவிகளின் பெயர்களுக்கிடையே உறவே இல்லை. ஒன்று விலங்கின் பெயர். மற்றொன்று தொடுதலால் வந்த பெயர். இரண்டும் செய்யும் தொழில் ஒன்றே என்பதை அப்பெயர்கள் காட்டா. நம் இலக்கணமோ இவ்வேறுபாட்டை என்றோ வகுத்து வைத்துள்ளது. 'அவன், இவன்' என்பவற்றில் சுட்டு சொல்லின் உள்ளுறுப்பாய் நிற்கும். நீக்கினால் எஞ்சியது பொருள் தராது. இஃது அகச்சுட்டு. 'அம்மலை, இந்நூல்' என்பவற்றில் சுட்டு புறத்தே வந்து சேரும். நீக்கினாலும் மலை மலையே, நூல் நூலே. இது புறச்சுட்டு. மடிக்கணினியின் உடலோடு ஒன்றிய தொடுபலகை அகச்சுட்டி. வேண்டும்போது சேர்த்து வேண்டாதபோது களையும் கருவி புறச்சுட்டி. இரண்டன் உறவும் வேற்றுமையும் பெயரிலேயே விளங்கிவிடுகின்றன அல்லவா?

மாணவனுக்குரிய விடையை இனித் தமிழிலேயே கூறுவோம். விண்டோசுக் கணினியில் அமைப்புகளைத் திறந்து, கருவிகள் பகுதியில் தொடுபலகைக்குரிய பக்கத்திற்குச் செல்க. புறச்சுட்டி இணைந்திருக்கும்போதும் அகச்சுட்டி இயங்குக என்னும் பொருள்பட ஒரு தெரிவு இருக்கும். அதன் கட்டத்திலுள்ள குறியை நீக்குக. இனிப் புறச்சுட்டி வந்தால் அகச்சுட்டி உறங்கும். அது நீங்கினால் இது விழிக்கும். கம்பியில்லாச் சுட்டியாயின், அதன் சிற்றேற்பியையும் கணினியினின்று கழற்றுக. அது செருகியிருக்கும் வரை சுட்டி இணைந்திருப்பதாகவே கணினி கருதக்கூடும். மடிக்கணினிகள் சிலவற்றில் இவ்வுறக்கத்திற்கும் விழிப்பிற்கும் மேல்வரிசையில் தனிவிசையும் உண்டு. இவ்வளவில் எவ்விடத்து ஆங்கிலம் இன்றியமையாததாயிற்று?

குற்றம் மாணவர்பால் இல்லை. இலக்கண வகுப்பில் அகச்சுட்டு, புறச்சுட்டு என்று மனப்பாடம் செய்வித்துவிட்டு, அடுத்த அறையிலுள்ள கணினியின் முன் வாயடைத்து நிற்கும் தமிழாசிரியராகிய நம்பாலேயே உள்ளது. நாம் இலக்கணத்தைத் தேர்வுத்தாளிற் புதைத்தோம். பிள்ளைகள் அதனைப் பிணமென்று எண்ணினர். கலைச்சொல் அகரமுதலியில் உறங்கினால் பயனில்லை. அது வகுப்பறையில் வழங்க வேண்டும்.

தமிழாசிரியப் பெருந்தகையீர்! நாளை உங்கள் மாணவன் கருவியைக் காட்டி 'இஃது என்ன?' என்று கேட்பான். தயங்காது தமிழாற் சுட்டுங்கள். நீங்கள் சுட்டும் திசையிலேயே அவன் நாவும் செல்லும்!