ஓவியர் தன்னைச் சொல்லிக்கொள்வது இழுக்கல்ல

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படம் நூறாண்டுக்கும் மேலாக விற்பனையாகி வருகிறது. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், அந்த உருவத்தைத் தன் விளம்பரங்களில் உலகமெங்கும் கொண்டுபோனார். ஸ்கீன், பிளாட்டே முதலிய கொழும்பு நிழற்படக் கூடங்கள் தோட்டத்துக் காட்சிகளைப் படமாக்கி விற்றன. இன்றும் சுற்றுலாக் கையேட்டிலும் தேயிலைப் பெட்டியிலும் அவள் சிரிக்கிறாள். படம் எடுத்தவருக்குக் காசு வந்தது. அச்சிட்டவருக்கு வந்தது. தேயிலை விற்றவருக்கும் வந்தது. படத்தில் நின்றவளின் பெயரைக்கூட அநேகமாக எவரும் எழுதி வைக்கவில்லை.

அவளுடைய வழி வந்த பிள்ளைகள் சிலர் இன்று தாங்களே தூரிகை பிடித்திருக்கிறார்கள். சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகும் வீதியில் இருக்கிறது கொடகவெல. அதையும் கஹவத்தை, இறக்குவானைப் பக்கத்தையும் சுற்றியுள்ள தோட்டங்களில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். கோயில் சுவரில் அம்மனை எழுதுபவர், பாடசாலை விழாவுக்குத் திரை தீட்டுபவர், கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர், கைபேசியில் வந்த புகைப்படத்தைப் பார்த்துப் பென்சிலால் உருவப்படம் வரைந்து கொடுப்பவர் என்று பலர். தமிழ் மொழியில் ஓவியத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்க விரும்பினால் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோதான் போக வேண்டும். அப்படிப் போய்ப் படித்துத் திரும்பியவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரிடமும் ஒரு பழக்கம் பொதுவாக இருக்கிறது. என்ன விலை என்று கேட்டால், "நீங்க பாத்துக் குடுங்க அண்ணே" என்பார்கள்.

அடக்கமாகத் தோன்றும் இந்தச் சொல்லில்தான் ஓவியரின் இழப்பு தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். விலையைச் சொல்லாதவர் பெயரையும் சொல்வதில்லை. பெயரைச் சொல்லாதவரின் வேலையை வேறொருவர் தன் வேலையாகச் சொல்லிக்கொள்கிறார். தன் படைப்பைப் பற்றிப் பேசுவதும், அதை விற்பதும், விற்றதைக் கணக்கு வைப்பதும் ஓவியத் தொழிலின் பகுதிகள்தான். அதே சமயம், அந்தச் சுமை முழுவதையும் தனியொரு இளைஞனின் அல்லது பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதும் நியாயமில்லை.

நன்னூல் தரும் அனுமதி

தன்னைத் தானே புகழக் கூடாது என்பது நம்மிடம் ஊறிப்போன பண்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்: எத்தனை துறை கற்றிருந்தாலும் தற்புகழ்ச்சி தகாது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. நான்கு இடங்களில் புலவர் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று அடுத்தபடியாக விலக்குத் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது.

தோட்டத்து ஓவியரின் நிலையோடு இந்த நான்கையும் பொருத்திப் பாருங்கள். கண்காட்சிக்கோ நிதியுதவிக்கோ அனுப்பும் விண்ணப்பம்தான் இன்றைய ஓலை. கொழும்பிலுள்ள கலைக்கூடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொடகவெல எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. அங்கே இவர் தன் ஆற்றலை அறியாதவர்களின் நடுவில்தான் நிற்கிறார். தோட்டத்துப் பிள்ளைக்குக் கலை எதற்கு என்று பழிக்கும் வாய்களுக்கும் குறைவில்லை. இலக்கண ஆசிரியர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த அனுமதி, இவர்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

பொகவந்தலாவையில் கிடக்கும் ஒரு பாடம்

மலையகத்தில் பொகவந்தலாவை தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நிழற்படக் கலைஞர்களில் ஒருவர். கணவருக்கு இலங்கையில் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இங்கு வந்து குடியேறி, 1879இல் இங்கேயே இறந்தார். முதல் கமரா அவர் கைக்கு வந்தபோது வயது 48. அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். 500க்கும் மேற்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். லண்டனில் பேர்பெற்ற படவணிகர் வழியே விற்றார். அருங்காட்சியகத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதித் தன் படங்களை வாங்க வைத்தார். படங்களில் கையொப்பமிட்டார். மங்கலாக எடுக்கிறார் என்று விமர்சகர்கள் ஏளனம் செய்தபோதும் பின்வாங்கவில்லை. இன்று அவர் பெயர் நிலைத்திருப்பதற்குத் திறமை பாதிக் காரணம் என்றால், அந்த விடாமுயற்சி மறுபாதி.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியிருப்பவை சொற்பம். அவற்றில் உள்ள உழைக்கும் மக்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. கமராவுக்குப் பின்னால் நின்றவர் தன் பெயரை எழுதினார். முன்னால் நின்றவர்களுக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை. அவருக்குச் செல்வமும் செல்வாக்கும் இருந்தன என்பதும் உண்மை. ஆனால் அவர் கையாண்ட வழிகளில் பெரும்பாலானவை இன்று காசில்லாமலே கிடைக்கின்றன.

பதிப்புரிமையையே எடுத்துக்கொள்வோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஓவியம் தீட்டப்பட்ட கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஓவியரின் ஆயுள் முழுவதும், இறந்த பின் 70 ஆண்டுகளும் அது செல்லும். தன் படைப்பின் பிரதிகளில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கோரும் உரிமையும் அதில் அடங்கும். பதிப்புரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில், இருவரும் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். ஆகவே ஒருவர் உங்கள் ஓவியத்தை வாங்கினார் என்பதால், அதை நாட்காட்டியிலும் பெட்டியிலும் அச்சிட்டு விற்கும் உரிமை அவருக்குப் போய்விடாது. இதைத் தோட்டப் பாடசாலைகளின் சித்திர வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

விலையும் மொழியும்

அடுத்தது விலை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கூலி போதாது என்று ஊரே சொன்னது. மூன்று நாள் குனிந்திருந்து வரையும் உருவப்படத்துக்கு அந்தப் போதாத கூலியை வைத்துப் பார்த்தாலும் 4,050 ரூபாய் ஆகிறது. தாள், பென்சில், சட்டகம், பஸ் செலவு தனி. இதே படத்தை 2,000 ரூபாய்க்குக் கொடுப்பவர், கொழுந்து எடுக்கும் தன் தாயின் உழைப்பைவிடத் தன் உழைப்பைக் கீழே வைக்கிறார். நாட்களையும் செலவையும் எழுதி, கூட்டி, அதற்குக் கீழே போகாத ஒரு விலைப்பட்டியலை வைத்திருப்பது பேராசை ஆகாது. கலைக்கூடம் வழியாக விற்றால் 30 முதல் 50 வீதம் வரை அவர்கள் எடுத்துக்கொள்வது உலக வழக்கம். அதையும் சேர்த்தே விலை வைக்க வேண்டும்.

மலிவாகவும் கிடைக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. மூல ஓவியத்தின் விலையைக் குறைக்காமல் அச்சுப் பிரதிகளை விற்கலாம். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது இந்த நோக்கத்தோடுதான். அரண்மனையில் தொங்கிய சரஸ்வதியும் லட்சுமியும் அதன் பிறகே குடிசைகளுக்கு வந்தார்கள். ஆனால் அச்சகக் கடன் கழுத்தை நெரிக்க, கடைசியில் அதை ஜேர்மானியத் தொழில்நுட்பவியலாளர் ஒருவருக்கு விற்க வேண்டி வந்தது. இன்று இரத்தினபுரி நகரத்து டிஜிட்டல் அச்சகத்தில் பத்துப் பிரதி மட்டும் எடுக்கலாம். ரவிவர்மா பட்ட கடனைப் பட வேண்டியதில்லை.

மூன்றாவது மொழி. இதில் சப்ரகமுவத் தமிழர்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் என்பதால் சரளமாகச் சிங்களம் பேசுவோர் இங்கு ஏராளம். இதைப் பெரும்பாலும் குறையாகவே பேசி வந்திருக்கிறோம். ஓவியருக்கு இது மூலதனம். படத்தின் பெயர், அளவு, வண்ண வகை, தீட்டிய ஆண்டு, அதைப் பற்றி நான்கு வரி ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஆங்கிலத்துக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் உதவியை வாங்கிக்கொண்டால், நாட்டின் எந்தக் கண்காட்சிக்கும் விண்ணப்பிக்கலாம். பகல் வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படமும், வாங்கியவர் யார், எப்போது, என்ன விலைக்கு என்று குறித்த ஒரு கொப்பியும் இருந்தால் போதும். ஒரு முறை வாங்கியவரே மறுமுறையும் வாங்குவார். புதியவரைத் தேடுவதைவிட அவரை மறக்காமல் இருப்பது எளிது.

எடுத்துக் காட்டும் விதத்தில் மதிப்பு கூடும் என்பதை இரத்தினபுரி மண்ணில் வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மாணிக்கக் குழிவாசலில் விற்கப்படும் கல்லுக்கு ஒரு விலை, பட்டை தீட்டி வெளிச்சத்தில் காட்டப்படும் அதே கல்லுக்கு வேறு விலை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் வாழ்கிறார்கள்.

துயரம் மட்டுமே சரக்கா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மலையகத்திலிருந்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்ப் பைகளையும் தேயிலைச் சாயத்தையுமே தன் ஊடகமாக்கினார். அருள்ராஜ் உலகநாதன் தோட்டத்து வாழ்வைப் பொருளாக எடுத்தார். இவர்களுடைய படைப்புகள் கொழும்பின் கலை உலகம் மலையகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன. உள்ளிருந்து வந்த கைகள் அந்தத் தேயிலை விளம்பரப் படத்துக்குச் சொன்ன பதில் அவை.

ஆனால் சந்தைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ஒன்று விற்றுவிட்டால் அதையே திரும்பத் திரும்பக் கேட்கும். தோட்டத்து ஓவியர் என்றால் லயமும் அட்டைக்கடியும் கண்ணீரும்தான் வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உருவாகிவிட்டால், அதுவும் ஒரு கங்காணித்தனம்தான். காமன் கூத்தின் வண்ணங்களையோ, ஒரு பூனையையோ, வெறும் கோடுகளையோ வரைய இவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்வதன் பெரிய பயன் இதுதான். நான் இன்னார், என் வேலை இது என்று ஓவியர் சொல்லாவிட்டால், வாங்குபவர் அதைத் தீர்மானிப்பார்.

சமூக ஊடகத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2021இல் கொரோனாவுக்குப் பலியான கும்பகோணம் பக்கத்து ஓவியர் எஸ். இளையராஜாவின் பெண் உருவங்கள், வார இதழிலிருந்து கைபேசிக்குத் தாவி உலகத் தமிழர் வீடுகளை எட்டின. கலைக்கூடத்தின் கதவைத் தட்டாமலே மக்களிடம் போகலாம் என்பதற்கு அவர் சாட்சி. அதற்காக நாளொரு காணொளி போட்டே ஆக வேண்டும் என்று நினைத்தால் தூரிகை காய்ந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் இதற்கென ஒதுக்கினால் போதும், மற்ற நாட்கள் வேலைக்கு.

கூட்டாகச் சேர்ந்தால்

தனி ஆளாய் விற்று வென்றவர்களைவிட, கூடிச் செய்து நிலைத்தவர்களே கலை வரலாற்றில் அதிகம். இலங்கையின் நவீன ஓவியம் 1943இல் லயனல் வெண்ட், ஜோர்ஜ் கீட், ஹரி பீரிஸ் முதலியோர் சேர்ந்து தொடங்கிய '43 குழு'வில்தான் உருப்பெற்றது. பழைய கலைச் சங்கத்தின் ரசனையோடு ஒத்துப்போகாதவர்கள் தங்களுக்கான கண்காட்சியைத் தாங்களே நடத்தினார்கள். 1950களின் தொடக்கத்தில் லண்டனுக்கும் பாரிசுக்கும் போனார்கள்.

அவர்களில் பலர் வசதியானவர்கள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அப்படியானால் சோழமண்டலத்தைப் பாருங்கள். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966இல் கடற்கரையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். நிலம் வாங்கிய பணம் எந்த வள்ளலும் கொடுத்ததல்ல. பத்திக் துணியும் தோல் வேலையும் செய்து, கூட்டாக விற்றுச் சேர்த்தது. பகலில் ஒரு பொழுது கைவினை சோறு போட்டது, மறுபொழுது ஓவியம் பிறந்தது. விற்பனையைக் கேவலமாக அவர்கள் நினைக்கவில்லை. ஓவியத்தைச் சந்தையின் கட்டளையிலிருந்து காப்பாற்றும் அரணாக அதை வைத்துக்கொண்டார்கள்.

கொடகவெல, கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதி ஓவியர்கள் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்வதிலிருந்து இதைத் தொடங்கலாம். குறைந்தபட்ச விலையை ஒன்றாக முடிவு செய்யலாம். ஒருவர் மறுத்த அடிமாட்டு விலைக்கு இன்னொருவர் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். கண்காட்சிக்கு ஆளுக்கொரு படமாகச் சேர்த்து ஒரே வாகனத்தில் அனுப்பினால், ஒருவருக்கும் ஒரு வாரக் கூலி போகாது.

மற்றவர்களுக்கும் கடமை இருக்கிறது. ஜோர்ஜ் கீட் மன்றம் 1993இல் தொடங்கிய 'கலா பொல' திறந்தவெளி ஓவியச் சந்தை, ஆண்டுதோறும் கொழும்பு ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஓவியரையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் சந்திக்க வைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் படத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு கொழும்பு போய்த் தங்கித் திரும்ப முடிந்தவருக்கே அது. சப்ரகமுவ மாகாண சபையின் கலாசாரத் திணைக்களம் இரத்தினபுரியில் அப்படியொரு சந்தையை நடத்த என்ன தடை? சிவனொளிபாத மலைப் பருவத்தில், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, பெருந்திரளான யாத்திரிகர்கள் இரத்தினபுரி வழியே வருகிறார்கள். வாங்குபவர் வீடு தேடி வரும் ஊர் இது. விற்பவருக்கு ஒரு நிழற்கூரை மட்டுமே இல்லை.

தோட்டக் கம்பனிகள் தங்கள் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் படம் தேடும்போது, அந்தத் தோட்டத்திலேயே பிறந்த ஓவியரிடம் கேட்கட்டும். பெயரை அச்சிட்டு, உரிய தொகையை எழுத்தில் ஒப்புக்கொண்டு வாங்கட்டும். கோயில் நிர்வாக சபைகள் சுவரோவியத்தின் ஓரத்தில் உபயகாரர் பெயரைப் பொறிப்பதுபோல் எழுதியவர் பெயரையும் பொறிக்கட்டும். இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

இவையெல்லாம் நடக்கும் என்று ஓவியர்கள் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த படத்தின் கீழ் மூலையில் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். கேட்பவரிடம் விலையை நீங்களே சொல்லுங்கள். கேட்காதவரிடம் உங்கள் வேலையை எடுத்துக் காட்டுங்கள். நூறாண்டுக்கும் மேலாக மற்றவர்கள் நம்மைப் படமாக்கி விற்றது போதும். இனி வரையும் கையும் விற்கும் வாயும் நம்முடையவையாக இருக்கட்டும்.