"டிஸ்க் போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்பவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் பழைய கம்ப்யூட்டரை நீங்கள் எல்லோரும் கிண்டல் செய்வீர்கள். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் விண்டோஸ். இன்னொன்றில் நீங்கள்: ஆண்டு விழா, விளையாட்டு விழா, ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ எல்லாம்.

போன மாதம் அது அடிக்கடி உறைந்து நின்றது. படங்களைத் திறந்தால் பிழைச் செய்தி. கடைக்குத் தூக்கிப் போனேன். அங்கிருந்த தம்பி மூடியைக்கூடக் கழற்றவில்லை. "டிஸ்க் போச்சு மேடம். ஃபார்மட் போட்டுப் பார்ப்போம், இல்லன்னா புதுசு எடுத்துக்கங்க" என்றார். வீட்டிலும் அதே பாட்டு.

எனக்குக் கோபம் வந்தது. கணக்கு தப்பாக வந்தால் பிள்ளையின் நோட்டைக் கிழித்தா போடுவோம்? எந்த வரியில் தவறினான் என்றுதானே பார்ப்போம்?

வீட்டுக்கு வந்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். 05, சி5, சி6 என்ற வரிகளில் எண் ஏறினால் டிஸ்க்கின் தட்டே பழுதாகிறது என்று பொருள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. படங்கள் இருந்த டிஸ்க்கில் மற்ற மூன்றும் பூஜ்யம். சி7 மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு சாட்டா கேபிளை மாற்றினேன். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. சி7 பழைய எண்ணிலிருந்து குறையாது. ஆனால் அதன்பின் ஒன்றுகூட ஏறவில்லை. படங்களும் திறந்தன.

அவற்றில் ஒரு மாணவனின் படம் இருக்கிறது. அவன் இன்று நம்மோடு இல்லை. அவன் அம்மாவிடம்கூட அந்தப் படம் இல்லை. ஃபார்மட் போட்டிருந்தால்?

என் தவறையும் சொல்கிறேன். இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டு பிரதி ஆகிவிடாது. இப்போது வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து என் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கும் படத்தை அனுப்பிவிட்டேன்.

சி5 ஏறினால் பிடிவாதம் வேண்டாம், டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் முதலில் நகல், பிறகுதான் செக்டிஸ்க். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

இனி யாராவது "புதுசு வாங்குங்க" என்றால், "எந்த எண் ஏறியிருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டத் தெரியாதவரிடம் உங்கள் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்