குலுங்கும் வண்டியும் பதினைஞ்சு திர்ஹாமும்

ஷார்ஜாவுல படிக்கிற பையன் கையில 20 வருஷப் பழைய வண்டி இருந்தா என்ன ஆகும்? சிக்னல்ல நின்னா சாமி வந்த மாதிரி ஆடும். ஏசி போட்டா ஆர்.பி.எம் முள் 500க்குக் கீழ இறங்கி, 'அணையப் போறேன்'னு மிரட்டும். ஆகஸ்ட் மாசம் ஏசி இல்லாம இங்க ஓட்டிப் பாருங்க மக்களே :-)

இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குக் கொண்டு போனேன். ஒரு கராஜ்ல நாலு ப்ளக், நாலு காயில் மாத்தணும்னாங்க. இன்னொருத்தர் த்ராட்டில் பாடியையே மாத்தச் சொன்னார். ரெண்டுமே என் ஒரு மாச மெஸ் காசு.

கடைசில ரூம்ல இருக்கற அண்ணாச்சி பானட்டைத் திறந்து காதைக் குடுத்தார். 'உஸ்'ஸுன்னு சத்தம். இன்டேக் பக்கம் போற ரப்பர் ஹோஸ்ல விரிசல்! ஏர்ஃப்ளோ சென்சார் கணக்குல வராத காத்து உள்ள போனா, அந்தக் காத்துக்கு ஏத்த பெட்ரோல் கிடைக்காது. ஐடிலிங்ல எஞ்சின் இழுக்கற காத்தே கொஞ்சம்தான், அதனால அங்கதான் குலுக்கல் தெரியும். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா மறைஞ்சுடும். புது ஹோஸ் 15 திர்ஹாம். த்ராட்டில்ல படிஞ்ச கரியையும் துடைச்சோம். இப்ப வண்டி சமத்தா நிக்குது.

என் கட்சி இதுதான்: எதுக்குன்னு சோதிச்சுக் காட்டாம எந்தப் பார்ட்டையும் மாத்த விடாதீங்க. அவங்க யூகத்துக்கு நம்ம காசா? இந்த ஊர் வெயில்ல ரப்பர் சீக்கிரமே காஞ்சு வெடிச்சுடும், அங்கேருந்து தேடுங்க. ஆனா சூடான எஞ்சின் மேல க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு லீக் பார்க்காதீங்க. தீப்பிடிச்சா பதினைஞ்சு திர்ஹாமோட முடியாது!