இலவச மென்பொருளை யார் வந்து நிறுவித் தருவது?

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பின், சிட்டையும் பேரேடும் மட்டும் வைத்து வியாபாரம் நடத்த முடியாத நிலை நமக்கு ஏற்பட்டு விட்டது. மென்பொருள் வாங்கவும், அதைப் புதுப்பிக்கவும் கோட்டாறு, வடசேரி, மார்த்தாண்டம் கடைத்தெருக்களில் நாம் செலவிடும் பணம் கொஞ்சமல்ல. "இலவசமாகவே நல்ல மென்பொருள் கிடைக்கிறதே, அதை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அவர்கள் சொல்வது திறந்த மூல மென்பொருள். எழுதியவர்களே அதன் நிரலை வெளியிட்டு, யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறார்கள். மும்பை நிறுவனமான ஃப்ராப்பே உருவாக்கிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட் அப்படிப்பட்டது. கொள்முதல், விற்பனை, சரக்கு இருப்பு, பற்று வரவு எல்லாம் அதில் உண்டு. கடையிலிருந்தும் கோடவுனிலிருந்தும் இணையம் வழியாக ஒரே கணக்கைப் பார்க்கலாம். லைசன்ஸ் கட்டணம் கிடையாது.

அப்படியிருந்தும் அதை எடுக்க நாம் தயங்குவதற்குக் காரணம் நிறுவுவதில் உள்ள சிரமம். ஒரு ஃபைலை இறக்கி 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தி முடிக்கிற வேலை அல்ல அது. அதற்கு லினக்ஸ் வேண்டும். பைத்தான், மரியாடிபி, ரெடிஸ் என்று பல துணை மென்பொருள்களை, ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்பாகப் பார்த்து ஏற்ற வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். நம் ஜி.எஸ்.டி.க்காக இன்னொரு செயலியையும் சேர்க்க வேண்டும். விடியற்காலையில் கடை திறந்து இரவில் பூட்டுகிற பலசரக்குக் கடைக்காரர் இதற்கு எங்கே போவார்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி, பல்லைப் பார்க்க வேண்டாம். கட்டத் தொழுவமும், போட வைக்கோலும், கறக்க ஆளும் வேண்டுமல்லவா?

நிறுவுவது எளிதானால் திறந்த மூல மென்பொருளும் ஊரெல்லாம் பரவும் என்பதற்கு வேர்டுபிரஸ் சாட்சி. 2003-ல் வெளிவந்த அது, ஐந்து நிமிடத்தில் நிறுவலாம் என்றே பெயர் வாங்கியது. இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் நடக்கின்றன. நம் கடை வாசலில் தொங்கும் கியூ.ஆர். அட்டையையும் பாருங்கள். கம்பெனி ஆட்கள் கடைக்கே வந்து ஒட்டி, சொல்லிக் கொடுத்துப் போனார்கள். அதனால்தான் பெட்டிக்கடை வரை அது வந்தது.

களியக்காவிளைக்கு அப்பால் கேரள அரசு 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும் நமக்குப் பாடம். பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் தயார் செய்து, ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆசிரியரும் தனியே மல்லுக்கட்ட விட்டிருந்தால் நடந்திருக்குமா?

வியாபாரிகளாகிய நாமும் அதைச் செய்யலாம். இ.ஆர்.பி.நெக்ஸ்டை ஒரே சர்வரில் ஒருமுறை நிறுவி, பல கடைகளுக்குத் தனித்தனிக் கணக்குத் தளம் அமைக்க முடியும். சிரமம் ஒரு தடவைதான். பலன் அத்தனை பேருக்கும். சங்கம் ஒரு சர்வரை ஏற்பாடு செய்து, நம் மாவட்டத்துப் பொறியியல் படித்த பிள்ளைகளில் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால், செலவைப் பங்கிட்டுக் கொள்ளலாம்.

"என் கணக்கை அடுத்த கடைக்காரர் பார்த்து விடுவாரே" என்று சிலர் அஞ்சலாம். ஒவ்வொரு கடைக்கும் தனித் தரவுத்தளம், தனிக் கடவுச்சொல். ஆனால் சர்வரைப் பராமரிப்பவர் நாணயமானவராக இருக்க வேண்டும். கணக்கப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்த்த அதே விஷயம்தான் இது. தினமும் நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பதும் கட்டாயம்.

விலை இல்லை என்பதற்காக ஆளுக்கு ஆள் எடுத்து வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். சிரமம் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். முதலில் பத்துக் கடைகளில் ஓராண்டு நடத்திப் பார்ப்போம். அடுத்த பொதுக்குழுவில் நிர்வாகிகள் இதை எடுத்துப் பேச வேண்டுகிறோம்.