முதிய சாரதியும் நாற்சந்தியும்

எழுபது வயதைக் கடந்த ஒருவர் நாற்சந்தியில் மோட்டார் வண்டியை மோதிவிட்டால், "இனி இவருக்கு எதற்கு இந்த வேலை?" என்று வீட்டார் சாவியை வாங்கி வைத்துவிடுகின்றனர். சந்தியின் அமைப்பிலே குற்றம் உண்டோ என்று வினவுவார் அரியர். ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலை நிருவாகத்தினர் அவ்வாறு வினவி, முதிய சாரதிகளுக்கேற்ப வீதிகளை அமைப்பது பற்றி 1998ஆம் ஆண்டில் ஒரு கைந்நூலையே வெளியிட்டனர். அந்நாட்டில் பேருந்து எட்டிப்பாராத ஊர்கள் பல. அங்கே சாவியை இழந்தவர் வைத்தியரிடம் செல்லவும் பிறர் தயவை நாடவேண்டும்.

அங்கு வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்வதால், இடப்பக்கம் திரும்புவதே ஆபத்தானது. நமக்கு வலப்பக்கம் திரும்புவது போல என்று கொள்க. எதிர்வரும் வண்டியின் வேகத்தைக் கணித்து, இடைவெளி தேர்ந்து, நடந்து கடப்போரையும் நோக்கித் திரும்புதல் வேண்டும். இவை யாவும் சில வினாடிகளில்! அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியோ, இருபது வயதினர் பெறுவதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. கழுத்தும் இலகுவிற் திரும்பாது. போதாக்குறைக்கு, எதிரே திரும்பக் காத்துநிற்கும் வண்டி தனக்குப் பின்னால் வருவதை மறைத்துவிடும். திரும்புவோருக்குக் கோடிட்டு ஒதுக்கிய வழியைச் சற்றே இடப்பக்கம் தள்ளி அமைத்தால் அம்மறைப்பு நீங்கும். திரும்புவதற்கெனத் தனி அம்புக்குறி விளக்கும் உதவும்.

சுற்றுவட்டம் இவற்றினும் மேலானதென்பது நம் கருத்து. சாதாரண நாற்சந்தியில் வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் 32. ஒருவழிச் சுற்றுவட்டத்தில் 8 மாத்திரமே. உள்ளே சுற்றுவோருக்கு, நுழைவோர் வழிவிடல் வேண்டும் என்னும் விதி இங்கிலாந்தில் 1966இல் வந்தது. இவ்விதியுள்ள அமெரிக்கச் சுற்றுவட்டத்தில் நுழையும் சாரதி, வாகனங்களைப் பொறுத்தவரை இடப்பக்கம் ஒன்றையே நோக்கினாற் போதும். வேகமும் தானே குறையும். அந்நாட்டில் இருபதுக்கு மேற்பட்ட சந்திகளை இவ்வாறு மாற்றியபின் ஆராய்ந்ததில், காயம் விளைத்த விபத்துக்கள் நான்கில் மூன்று பங்குக்கும் மேலாகக் குறைந்திருக்கக் கண்டனர்.

ஆயினும் ஒரே சுற்றில் இரு வண்டிகள் அருகருகே செல்லும் பெரிய வட்டங்கள் முதியோரை மயக்கக்கூடும். எவ்வழியிற் செல்வது என்பதை உள்ளே புகுந்தபின் ஆராய்வது எங்ஙனம்? பலகையே முன்கூட்டிச் சொல்லுதல் வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில். எழுத்தின் உயரம் ஓரங்குலமாயின் 40 அடி தூரத்திற் படிக்கலாம் என்றிருந்த அமெரிக்கக் கணக்கு, 2009இல் 30 அடியாகத் திருத்தப்பட்டது.