எத்தனை லட்சம் விளக்கு?

நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ, ராத்திரியிலும் விளக்கணைக்கத் தெரியாத கடைத்தெரு. 1997 ஜூன் 14 அன்று அந்தத் தெருக்காரர்களிடம் ஒரு விசித்திரமான வேண்டுகோள் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரம் விளக்குகளை அணைத்து வையுங்கள். மின்சாரப் பற்றாக்குறை ஒன்றுமில்லை. டிஸ்னி நிறுவனம் தன் ‘ஹெர்குலிஸ்’ படத்தின் வெளியீட்டு விழாவுக்காக கலிபோர்னியாவிலிருந்து ஓர் ஊர்வலத்தைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. அதன் பெயர் மெயின் ஸ்ட்ரீட் எலெக்ட்ரிகல் பரேட். லட்சக்கணக்கான சின்னச் சின்ன பல்புகளால் ஆன அந்த ஊர்வலத்தை வெளிச்சத்தில் காட்ட முடியாது. காட்டினால் கம்பியும் வயரும்தான் தெரியும்.

டிஸ்னி பூங்காக்களின் இரவு ஊர்வலங்களில் எது உசத்தி என்பது அவற்றின் ரசிகர்களிடையே தீராத வழக்கு. நம் ஊரில் பாடகர்களை வைத்து நடக்கும் சண்டைக்குச் சற்றும் குறையாது. நிறுவனமும் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றுகிறது: ஒவ்வொரு புதிய ஊர்வலத்துக்கும் எத்தனை விளக்கு என்று கணக்குச் சொல்லும். பழைய எலெக்ட்ரிகல் பரேடுக்குச் சுமார் 5 லட்சம். 1991இல் ஃபுளோரிடாவில் வந்த ஸ்பெக்ட்ரோமேஜிக்குக்குச் சுமார் 6 லட்சம். 2014இல் ஹாங்காங்கில் தொடங்கிய பெயிண்ட் த நைட்டுக்கு 7 லட்சத்து 40 ஆயிரம். அதே பெயரில் 2015இல் கலிபோர்னியாவில் ஓடியதற்கு 15 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கை நம்பினால் தீர்ப்பு சுலபம். ஆனால் நடந்த சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது. விளக்குக் கணக்கில் கடைசியில் நிற்கும் கிழம்தான் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறது.

அதன் பிறப்பே தண்ணீரில். 1971 அக்டோபரில் ஃபுளோரிடாவின் டிஸ்னி வளாகம் திறந்தபோது, அங்கிருந்த ஏரியில் 14 தெப்பங்களை வரிசையாகக் கட்டி, அவற்றின் மேல் உயரமான சட்டங்களில் விளக்குகளால் கடல் பிராணிகளை வரைந்து இழுத்து வந்தார்கள். கரையோர ஹோட்டல்களில் தங்கியிருந்தவர்களுக்கான வேடிக்கை. அது பிடித்துப்போகவே, அதே யோசனையைத் தரையில் நடத்த அடுத்த ஆண்டு ஏற்பாடாயிற்று. ராபர்ட் ஜானி, ரான் மிஸைக்கர் என்ற இருவரின் பொறுப்பில் உருவாகி, 1972 ஜூன் 17 அன்று கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் முதல் ஊர்வலம் கிளம்பியது. நோக்கத்தில் மர்மம் ஏதுமில்லை. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடும் குடும்பங்களை இன்னும் இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். நிற்பவர்கள் சாப்பிடுவார்கள், பொம்மை வாங்குவார்கள்.

முதல் சில ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் தட்டையான சட்டங்கள்தான். 1977இல் அவற்றை மாற்றி, முழு உருவம் கொண்ட ஊர்திகளாகச் செய்தார்கள். முன்னால் பெரிய டிரம்மை இழுத்து வரும் ரயில் எஞ்சின், சிண்ட்ரெல்லாவின் சாரட்டு, மூக்கில் புகைவிடும் எலியட் என்ற பச்சை டிராகன். இந்த டிராகன் இடம்பெற்ற படத்தைப் பார்த்தவர்களைவிட ஊர்வலத்தில் டிராகனைப் பார்த்தவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம். எனக்குக் கேட்டால் ஊர்வலத்தின் நாயகன் டிராகனும் இல்லை, சாரட்டும் இல்லை. ஆமை, நத்தை, வண்டு என்று சின்னச் சின்ன வண்டிகள் தட்டாமாலை சுற்றிக்கொண்டு வரும். உள்ளே ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முட்டிக்கு அருகே வந்து, இடித்துவிடும் போலச் சுழன்று, விலகிப் போகும். ஒரு ஊர்வலம் பார்ப்பவனைப் பார்க்கும் இடம் அது.

இந்தப் பழைய ஊர்திகளை வரைந்த முறை நம் வீட்டு வாசலில் பார்த்ததுதான்: புள்ளி வைத்து வரைவது. ஒரு பல்புக்கு ஒரே நிறம், அது மாறாது. பல்புக்கும் பல்புக்கும் நடுவே இருட்டு. அந்த இருட்டில் கோடு இழுப்பது பார்ப்பவரின் கண். ஊர்தி பாதியைச் சொல்கிறது, மீதியை நாம் பூர்த்தி செய்கிறோம். டங்ஸ்டன் இழை அணையும்போது பட்டென்று அணையாது. ஒரு கணம் சிவந்து அடங்கும். ஆகவே விளக்குகள் மினுக்கும்போது அதில் ஒரு மென்மை இருந்தது.

கண்ணுக்கு இவ்வளவு என்றால் காதுக்கு இன்னும் அதிகம். ஊர்வலத்தின் மெட்டு அதற்காகப் போடப்பட்டதே அல்ல. ‘பரோக் ஹோடவுன்’ என்ற அந்த உருப்படி 1967இல் ஜான்-ஜாக் பெரே, கெர்ஷன் கிங்ஸ்லி என்ற இருவர் மோக் சிந்தசைசரில் பதிவு செய்தது. ஆர்மோனியப் பெட்டிக்குக் காய்ச்சல் வந்தது போன்ற துள்ளல் ஓசை. எந்த இசைக்கருவியின் சாயலும் இல்லாத அந்தச் சத்தம், மின்சாரமே பாடுவது போல விளக்குகளுக்குப் பொருந்திப் போயிற்று.

அதைத் தெருவில் ஒலிக்கவிட்ட முறையில்தான் சாமர்த்தியம். ஊர்வலப் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஒலிபெருக்கிகள். அடியில் ஓடும் மெட்டு பாதை நெடுக ஒன்றே. சிண்ட்ரெல்லாவின் ஊர்தி ஒரு பகுதிக்குள் நுழைந்தால் அவள் பாட்டு அந்தப் பகுதியில் மட்டும் அந்த மெட்டின் மேல் ஏறிக்கொள்ளும். அவள் தாண்டியதும் அடுத்தவரின் பாட்டு. எல்லாப் பாட்டும் ஒரே தாளத்துக்கும் சுருதிக்கும் இழைத்து வைக்கப்பட்டவை. தம்புரா நிற்காமல் மீட்டிக்கொண்டிருக்க, வித்வான்கள் ஒவ்வொருவராக வந்து பாடிவிட்டுப் போவது போல. பாதையில் எங்கே உட்கார்ந்தாலும் முழு ஊர்வலமும் உங்களுக்கென்றே வருவதாகத் தோன்றும். மோசமான இடம் என்று ஒன்று கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் விபத்துக்கு இதுதான் காரணம்.

1996 நவம்பரில் டிஸ்னிலேண்ட் தன் எலெக்ட்ரிகல் பரேடுக்கு விடை கொடுத்தது. ‘இனி என்றென்றைக்கும் இல்லை’ என்ற தோரணையில் விளம்பரம். கூட்டம் அலைமோதவே முதலில் சொன்ன தேதியைத் தள்ளிவைத்து ஓட்டினார்கள். ஊர்வலத்தின் பல்புகளை நினைவுச் சின்னமாக விற்றார்கள். ஆனால் ஏழே மாதத்தில் அது நியூயார்க் தெருவில். 1999இல் ஃபுளோரிடாவில். 2001இல் மறுபடி கலிபோர்னியாவில், பக்கத்துப் பூங்காவில். 2017, 2019, 2022 ஆண்டுகளில் பழைய டிஸ்னிலேண்டுக்கே. பல்பு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நம் ஊர்த் துணிக்கடைகளின் ‘கடைசி நாள்’ தள்ளுபடியை அறிந்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

அதன் இடத்தில் 1997 மே மாதம் வந்தது லைட் மேஜிக். கண்ணாடி இழை விளக்குகள், நடமாடும் பெரிய மேடைகள், நிறைய செலவு. ஊர்வலம் என்ற சொல்லே வேண்டாமென்று அதற்கு ‘ஸ்ட்ரீட்டாக்குலர்’ என்று நாமகரணம் வேறு. மேடைகள் பாதையில் வந்து குறிப்பிட்ட இரண்டு இடங்களில் நிற்கும், நடனம் நடக்கும், பிறகு நகரும். நிற்கிற இடத்தில் இருந்தவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, மேடைகள் கடந்துபோகும் காட்சி மட்டும். இருபத்து நான்கு ஆண்டுகளாக எங்கே உட்கார்ந்தாலும் எல்லாம் கிடைத்துப் பழகிய மக்களிடம் இது எப்படி எடுபடும்? செப்டம்பர் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். பிறகு கொண்டுவருவதாகச் சொன்னார்கள்; வரவே இல்லை. தொழில்நுட்பம் தோற்றதாகச் சொல்வார்கள். என் பார்வையில் தோற்றது, நின்றுபோன ஊர்வலம்.

ஸ்பெக்ட்ரோமேஜிக்கை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அது நகர்ந்தது. ஜான் டெப்னியின் இசை சிந்தசைசரை விட்டுப் பெரிய வாத்தியக் குழுவுக்குப் போனது. கண்ணாடி இழைகள் ஊர்திகளைப் பனி மூடியது போலக் காட்டின. எலெக்ட்ரிகல் பரேட் திருவிழா என்றால் இது கச்சேரி. அழகில் இதற்கே முதல் மார்க் போடுபவர்கள் நிறைய. எனக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. டோக்கியோவில் 1995இல் தொடங்கி, பிறகு பாரிஸுக்குப் போன ஃபேன்டில்யூஷனும் இதே ஜாதிதான். நல்லது, கெட்டது, நல்லது வெல்வது என்று கதை வேறு சொன்னது. ஆனால் ஃபுளோரிடா என்ன செய்தது பாருங்கள். 1999இல் ஸ்பெக்ட்ரோமேஜிக்கை நிறுத்திவிட்டுக் கிழத்தைக் கூப்பிட்டது. 2001இல் திரும்பக் கொண்டுவந்து, 2010இல் மறுபடி நிறுத்தி, மறுபடி கிழத்தைக் கூப்பிட்டது. ஸ்பெக்ட்ரோமேஜிக் அதன் பிறகு ஓடவில்லை.

இதில் விவரமாக நடந்துகொண்டது டோக்கியோ. அந்தப் பூங்கா டிஸ்னியின் சொத்து அல்ல. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் உரிமம் பெற்று நடத்துவது. ஃபேன்டில்யூஷனுக்குப் பிறகு 2001இல் அது பழைய ஊர்வலத்தையே ‘ட்ரீம்லைட்ஸ்’ என்ற பெயரில் புதிதாகச் செய்துகொண்டது. மெட்டை மாற்றவில்லை. புதுப் படம் வந்தால் ஒரு ஊர்தியைச் சேர்ப்பது, தேய்ந்ததை எடுப்பது, விளக்குகளைப் புதுப்பிப்பது என்று வீட்டைப் பழுதுபார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி ஊர்தியில் பணம் கொடுக்கும் கம்பெனியின் பெயரும் ஜொலித்துக்கொண்டு வரும். ‘இதுவே கடைசி’ என்று அழ வைத்து டிக்கெட் விற்பதைவிட இது நாணயமான வியாபாரம்.

பெயிண்ட் த நைட்டுக்கு வருவோம். முழுக்க எல்.இ.டி. ஒவ்வொரு புள்ளியும் எந்த நிறத்துக்கும் மாறும், இமைக்கும் நேரத்தில் அணையும். ஆடுபவர்களின் உடையே எரிகிறது. பழைய ‘பரோக் ஹோடவுன்’ புதுப் பாட்டுக்குள் ஒளிந்து வரும்; கேட்டுத் தெரிந்துகொண்ட நாற்பது வயதுக்காரர்கள் பக்கத்திலிருக்கும் பிள்ளைகளை இடிப்பார்கள். துள்ளலில் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘கார்ஸ்’ படத்து லாரி வரும்போது ஒரு சங்கடம். அதன் பக்கவாட்டு முழுக்க விளக்கு. அதில் சித்திரங்கள் ஓடுகின்றன. புள்ளிகள் இவ்வளவு நெருங்கிவிட்டால் நடுவில் இருட்டு இல்லை. கண்ணுக்கு வேலையும் இல்லை. தெருவில் ஒரு பெரிய டெலிவிஷன் போகிறது.

வீடியோவில் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காமிரா இரவை வெளுக்கவைத்துவிடும், நெருக்கமான எல்.இ.டி.யை அழகாகவும் பழைய பல்பைச் சோகையாகவும் காட்டும்.

இப்போது வழக்கு எந்த ஊர்வலம் என்பதைத் தாண்டி, ஊர்வலமே வேண்டுமா என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. 2016 அக்டோபரில் ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டத்தை விட்டு எலெக்ட்ரிகல் பரேட் போன பிறகு, ஒன்பது ஆண்டுகள் அங்கே நிலையான இரவு ஊர்வலம் கிடையாது. கோட்டைச் சுவரில் படம் காட்டி வாணவேடிக்கை விட்டார்கள். காரணம் புரியாததல்ல. சுவரில் விழும் ஒளிக்குச் சம்பளம் இல்லை, உடை தைக்க வேண்டாம், கால் சுளுக்காது. ஊர்வலத்துக்கோ ஒவ்வொரு இரவும் ஆடவும் ஓட்டவும் பல்பு மாற்றவும் ஆட்கள் வேண்டும். 2024இல் பாரிஸ் ஒரு படி மேலே போனது. அதே பழைய மெட்டு, அதே பழைய உருவங்கள். ஆனால் கோட்டைக்கு மேலே வானத்தில், டிரோன்களால். பெயர் என்னவோ ‘எலெக்ட்ரிகல் ஸ்கை பரேட்’. பார்க்க அழகுதான். ஆனால் குழந்தையின் முட்டிக்கு அருகே சுழன்று வர அங்கே ஆமை இல்லை.

2025 அந்த வகையில் நல்ல வருஷம். மே மாதம் டிஸ்னிலேண்டின் 70ஆம் ஆண்டுக்காகப் பெயிண்ட் த நைட் திரும்பியது. ஜூலை 20 முதல் மேஜிக் கிங்டத்தில் ‘ஸ்டார்லைட்’ என்ற புதிய ஊர்வலம் கிளம்பியது. தெருவில் மறுபடி ஆட்கள்.

கூடவே இன்னொன்றும் வந்திருக்கிறது. பூங்காவுக்குள் நுழையக் காசு கொடுத்தவர்கள் எல்லோரும் நடைபாதையில் சமம். முன்னால் வந்தவருக்கு முன்னிடம். அரை நூற்றாண்டுச் சம்பிரதாயம் அது. இப்போது அமெரிக்காவில் சாப்பாட்டோடு சேர்த்து ஊர்வலம் பார்க்கும் இடத்தை விற்கிறார்கள். டோக்கியோவில் ட்ரீம்லைட்ஸுக்கே தனிக் கட்டண இடம் ஒதுக்கினார்கள். நுழைவுச் சீட்டே ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தைக் கடிக்கும் இடத்தில், இரண்டு மணி நேரம் முன்னால் வந்து போர்வை விரித்துக் காத்திருப்பவர் மேலும் ஓரடி பின்னால் தள்ளப்படுகிறார்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் வாசகர்கள் யாராவது இந்தப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டால், ஒரே இரவில் இரண்டு முறை ஊர்வலம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். உண்டென்றால் இரண்டாவதைப் பாருங்கள். தூக்கம் வந்த குழந்தைகளோடு பாதிக் கூட்டம் கிளம்பிப் போயிருக்கும். கட்டணம் கொடுக்காமலே முன்வரிசை கிடைக்கும். இருட்டும் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.