முகக்குறியும் குற்றமும்

ஒருவன் முகத்தைக் கண்ட மாத்திரத்தே அவன் நெஞ்சத்தை அளந்துவிட்டதாக எண்ணுதல் மக்கள் யாவர்க்கும் பொதுவாகிய பழக்கம். சந்தையிற் கறிகாய் விற்பாரும் அங்ஙனம் எண்ணுவர். நியாயாசனத்தில் வீற்றிருப்பாரும் எண்ணுவர். அவ்வெண்ணத்துக்கு அளவுகோலும் அட்டவணையும் கொடுத்து, சாஸ்திரம் என்று பெயருஞ் சூட்டியபோதுதான் அது பேரச்சத்துக்கு உரியதாயிற்று.

இத்தாலி தேசத்து வைத்தியராகிய சேசரே லொம்ப்ரோசோ என்பார் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், குற்றவாளிகளுட் பலர் பண்டைக் காட்டுநிலைக்குத் திரும்பிப் பிறந்தவர் என்றார். பெருந்தாடை, ஒடுங்கிய நெற்றி, விரிந்த செவி, அடர்த்தியற்ற தாடி முதலியன அவர்தம் அடையாளங்களாம். (தாடியின் குறைவு குற்றத்துக்கு அறிகுறியாயின், எம் வகுப்பில் இருவர் மூவர் ஒழிய ஏனையோர் அனைவரும் சிறை புகற்பாலர்!) நகைத்துவிட்டுப் போகலாமெனின், அஃது ஏட்டளவில் நின்றதன்று. கொலை வழக்கொன்றில் ஐயத்துக்குள்ளான சகோதரர் இருவருள் ஒருவன் பிறவிக் குற்றவாளியின் முழு இலக்கணமும் பொருந்தியவன் என அவர் சாட்சி கூற, அவன் தண்டனையும் பெற்றான்.

இக்கொள்கையின் பிழை தாடையிலும் தாடியிலும் இல்லை. சிறைபுகுந்தவனே குற்றஞ் செய்தவன், புகாதவன் குற்றமற்றவன் எனக் கொண்டதில் உள்ளது. அகப்படாத கள்வனை எக்கோல் கொண்டு அளப்பது? அன்றியும், கொடிய முகமுடையான் எனக் கருதப்பட்டவனையே காவலர் முதற்கண் பிடிப்பர். அவன் சொல்லையே நீதிபதி எளிதில் நம்பார். அவ்வாறு அடைக்கப்பட்டவனைப் பின்பு அளந்து, 'காண்மின், இத்தகைய முகத்தினரே சிறையில் மிகுதி' என்பது, தான் புதைத்த பானையைத் தானே தோண்டிப் புதையல் கண்டேன் என்பதை ஒக்கும்.

இங்கிலாந்தின் சிறை வைத்தியராகிய சார்லஸ் கோரிங் மூவாயிரவர்க்கு மேற்பட்ட கைதிகளை அளந்து, கேம்பிரிட்ஜ் மாணவர், போர்வீரர் முதலியோருடன் ஒப்பிட்டு, லொம்ப்ரோசோ கூறிய குற்றவாளி வடிவம் என்பதொன்று இல்லையென 1913இல் நிறுவினார். ஆயினும் கைதிகள் உயரமும் எடையும் குறைந்திருத்தலைக் கண்ட அவரும், பிறவிக் குறைவையே காரணமாகப் பற்றினார். வயிறார உண்ணாதவன் உடல் வளராமையும், அவனே திருடத் துணிதலும் ஒரே வறுமையின் இரு விளைவாகலாம் என்பதற்கு அவர் போதிய இடங் கொடுத்திலர் என்பது எமது கருத்து.

நிற்க. அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பார், கொழுத்தோர், தசை திரண்டோர், மெலிந்தோர் என 1940இல் உடலை மூவகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தை வகுத்தார். உடலைக் கணித்தவரே குணத்தையுங் கணித்தமையின், இரண்டும் பொருந்தியதில் வியப்பென்னை? பாஸ்டன் நகரத்து 200 இளைஞரை ஆராய்ந்து, தசை திரண்டோரே நெறி தவறுவோருள் மிகுதி என 1949இல் எழுதினார். நெறி தவறுதலாவது யாதெனின், எதிர்பார்த்ததற்கு மாறாக ஏமாற்றந் தருதல் என்பது அவர் தந்த இலக்கணம். இதனினும் கொடிது ஒன்றுண்டு. யேல் முதலிய பெருங் கல்லூரிகளில் நிற்கும் நிலையைச் சோதிப்பதாகச் சொல்லி, புதிதாய்ச் சேர்ந்த மாணவரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்தனர். அத்தகைய படங்கள் பலவும் இவரது ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. எம்மையொத்த வயதினர், உண்மையான காரணத்தை அறியாமலே, கல்லூரியின் கட்டளை என்று கீழ்ப்படிந்தனர். 1995இல் பத்திரிகையில் அது விரிவாக வெளிப்பட்டபோது அவர்களுட் பலர் முதியோராயிருந்தனர்.

இவையெல்லாம் மாண்டொழிந்த கதையென்பார்க்கு ஒன்று கூறுவோம். 2016ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரத்து ஆராய்ச்சியாளர் இருவர், 1856 முகப்படங்களைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, குற்றவாளியைப் பத்துக்கு ஒன்பது விழுக்காடு அது கண்டுபிடிப்பதாக எழுதினர். பொறிக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்றும் வாதித்தனர். அப்படங்களை உற்றுநோக்கிய பிறர், குற்றமற்றவர் எனக் காட்டப்பெற்றோர் வெள்ளைக் கழுத்துப்பட்டைச் சட்டை அணிந்து, இதழ்க்கடையில் மெல்லிய முறுவலோடு விளங்குவதையும், காவலர் கொடுத்த படங்களில் உள்ளோர் முறுவலின்றி இருப்பதையும் சுட்டிக்காட்டினர்.